காட்டு வழியே அருவிக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அருவி பார்க்க மூன்று முறை கிளம்பினேன். மூன்றாவது முறைதான் குளிக்க முடிந்தது.

முதல் முறை நாங்கள் சோதனைச்சாவடியை அடைந்தபோது மணி மூன்றேகால். "மூணு மணிக்கு மேல யாரையும் விடுறதில்லைங்க" என்று சொல்லிவிட்டார் வாசலில் இருந்தவர். நூற்று எழுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போயிருந்தோம். கட்டிக்கொண்டு போன புளியோதரையை அங்கேயே புளியமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் முறை வேறோர் அருவி. காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். ஆனால் மலைமேல் இரண்டு நாளாக மழை, அருவியில் வெள்ளம், பாதையை மூடியிருந்தார்கள். அடிவாரத்து டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. மூன்றாம் முறை கொல்லிமலை ஆகாயகங்கை. அருவி கிடைத்தது. ஆனால் ஏறி வரும்போது அப்பாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதிப் படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இந்த மூன்றில் எதுவுமே நடந்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளே நாலு விஷயம் விசாரித்திருந்தால் போதும். அந்த நாலு விஷயத்தை முதலிலும், போகும்போது தேவைப்படும் மற்றதைப் பிறகும் இங்கே எழுதுகிறேன். காரை நிறுத்தி, பத்தடி நடந்து குளித்துவிட்டு வருகிற அருவிகளைப் பற்றி இல்லை. காட்டுக்குள் கொஞ்ச தூரமாவது நடந்து போகவேண்டிய தமிழ்நாட்டு அருவிகளைப் பற்றி.

1. அது எந்த வகை அருவி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நடந்து போகும் அருவிகளை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இது தெரியாமல் கிளம்பினால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண்.

முதல் வகை, வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நாமே நடந்து போகக்கூடியவை. கொல்லிமலை ஆகாயகங்கை, ஏற்காடு கிளியூர் அருவி, பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை, சிறுவாணி அடிவாரத்தில் கோவைக் குற்றாலம் எல்லாம் இதில் வரும். பெரும்பாலும் முன்பதிவு வேண்டாம். ஆனால் நேரக்கட்டுப்பாடு உண்டு, மழைக்கு மூடுவார்கள்.

இரண்டாம் வகை, வனத்துறை வழிகாட்டியோடு மட்டுமே போகக்கூடிய மலையேற்றப் பாதைகள். தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை இப்படித் திறந்தது. மதுரை மாவட்டம் குட்லாடம்பட்டி, திருப்பத்தூர் மாவட்டம் ஜலகாம்பாறை போன்ற அருவிப் பகுதிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் நடக்க இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, போகவே கூடாதவை. குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே இருக்கும் செண்பகாதேவி அருவிக்கு ஒரு காலத்தில் எல்லோரும் நடந்து போய்வந்தார்கள். இப்போது கோயில் விசேஷத்தையொட்டிச் சில நாட்களில் மட்டும்தான் விடுகிறார்கள். அதற்கும் மேலே இருக்கும் தேனருவிக்கு அனுமதியே இல்லை. கொடைக்கானல் காட் ரோட்டிலிருந்து பார்க்கிற தலையாறு அருவியைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. யூடியூபில் யாரோ மூன்றாம் வகை அருவி ஒன்றின் அடியில் நின்று கையை ஆட்டுவார். 'யாருக்கும் தெரியாத அருவி' என்று தலைப்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. அடிவாரத்தில் யாராவது வந்து, "கேட்டு வழியா போனா விடமாட்டாங்க, வேற வழி இருக்கு, ஆளுக்கு ஐநூறு குடுங்க" என்பார். பணத்தை மறந்துவிடுங்கள். காட்டுக்குள் காலை முறித்துக்கொண்டால், நீங்கள் உள்ளே இருப்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. சீட்டின் உண்மையான பயன் அதுதான். இத்தனை பேர் உள்ளே போனார்கள், இத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று ஒரு கணக்கு இருக்கும்.

2. மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

எல்லா அருவிக்கும் ஒரே சீசன் இல்லை. குற்றாலம், கோவைக் குற்றாலம், வால்பாறைப் பக்கத்து அருவிகளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் தண்ணீர் கொண்டுவரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை. கொல்லிமலை, ஏற்காடு, ஏலகிரி போன்ற கிழக்கு மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் தண்ணீர் கொண்டுவரும். ஆகாயகங்கைக்கு அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை போகலாம். என்னைக் கேட்டால் டிசம்பர் நடுவில் போகச் சொல்வேன். பெருமழை அடங்கியிருக்கும், தண்ணீர் குறைந்திருக்காது, வெயிலும் உறைக்காது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம். மலையேற்றப் பாதைகளை அப்போது மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்ற விதிகள் இறுகின. அந்த மாதங்களில் யாராவது "நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று விளம்பரம் செய்தால் ஒதுங்கிவிடுங்கள்.

நாளையும் பாருங்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும், ஊரே திரண்டு வரும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், காரையாறு பக்கம் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம். அந்த நாட்களில் அங்கே தனியார் வண்டிகளை மேலே விடமாட்டார்கள். காணும் பொங்கலன்று எந்த அருவிக்கும் போகாதீர்கள். செவ்வாய், புதன் உத்தமம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் இடங்களும் உண்டு. கோவைக் குற்றாலத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

3. தாள்களைத் தயார் செய்யுங்கள்

வாசல் சீட்டு வாங்குகிற அருவிக்கு ஓர் அடையாள அட்டை போதும். ஆதார் அசலோ நகலோ குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும். பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

முன்பதிவுப் பாதை என்றால் இணையத்தில் பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாள விவரம் எல்லாம் போட வேண்டும். பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் முறை என்றால் எளிதானதையே எடுங்கள். உடம்பில் தெம்பு இருக்கிறது என்று நடுத்தரத்துக்குத் தாவாதீர்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். சிறு குழந்தைகள் பெற்றோரோடு, எளிய பாதையில் மட்டும்தான். பதிவுச் சீட்டை அலைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் சிக்னல் இல்லாமல், மின்னஞ்சல் திறக்காமல், அலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைத்திருப்பதால் சீசன் சனி, ஞாயிறுக்குக் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை.

4. முதல் நாள் மாலை ஒரு போன்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் போட்டிருக்கும் திறப்பு நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். அது போன வருடத்து நேரமாக இருக்கும். அந்த ஊர் வனச்சரக அலுவலகத்துக்குப் பேசுங்கள். எடுக்கவில்லை என்றால் அங்கே இருக்கும் தங்கும் விடுதிக்கோ உணவகத்துக்கோ பேசுங்கள். அறை வேண்டாம் என்றாலும் பதில் சொல்வார்கள். கேட்கவேண்டியது மூன்று. இன்றைக்கு அருவிக்கு விட்டார்களா? கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள்? மலையில் மழை இருக்கிறதா?

"இன்றைக்கு" என்று அழுத்திக் கேளுங்கள். "அருவி திறந்திருக்கா" என்று பொதுவாகக் கேட்டால் "திறந்திருக்குங்க" என்றுதான் பொதுவாகப் பதில் வரும். நான் அப்படிக் கேட்டுத்தான் இரண்டாம் முறை ஏமாந்தேன்.

5. செலவு

வாசல் சீட்டு பெரிய செலவே இல்லை. ஆளுக்குச் சில பத்து ரூபாய், வண்டி நிறுத்தத் தனியாக, சில இடங்களில் கேமராவுக்குத் தனியாக. எல்லாவற்றையும் சில்லறையாகவும் பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாகவும் கொண்டுபோங்கள். கியூஆர் அட்டை மாட்டியிருப்பார்கள், ஆனால் சிக்னல் இருக்காது. மலைமேல் ஏடிஎம்மைத் தேடி அலைவது நேரத்தைத் தின்றுவிடும், அடிவாரத்து ஊரிலேயே எடுத்துவிடுங்கள். முன்பதிவு மலையேற்றம் வேறு கணக்கு. எளிய பாதைக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி, கடினமான பாதைக்குச் சில ஆயிரம் வரை போகும். கூட வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தக் காட்டையே ஊராகக் கொண்ட பழங்குடி இளைஞர்கள். அந்தப் பணம் அதிகம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நாங்கள் நான்கு பேர் நாமக்கல்லிலிருந்து பேருந்திலேயே கொல்லிமலை போய்வந்தோம். சாப்பாடு, சீட்டு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிப்ஸ், பிஸ்கட் பொட்டலத்துக்கும் அதே கதிதான். சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் பொடி இரண்டு பொட்டலம், கடலைமிட்டாய், உப்பு ஒரு சின்னத் துணி முடிச்சில், க்ரேப் பேண்டேஜ் ஒன்று. அப்பாவின் முழங்காலுக்கு எங்களிடம் இருந்தது ஒரு துண்டுதான்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய், சீயக்காய் எதுவும் வேண்டாம். எடுத்துவிடுவார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர்கள் குடிக்கின்றன.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஹவாய் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும். கொஞ்சம் உயரமான படியில் வார் அறுந்துவிடும். பின்பக்கம் வார் உள்ள, அடி சொரசொரப்பான சாண்டல்தான் சரி. ஜீன்ஸ் நனைந்தால் கல் மாதிரி கனக்கும், ஏறும்போது தொடையை அறுக்கும். பெண்கள் குளித்த பிறகு மாற்றிக்கொள்ள அறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சில இடங்களில் இருக்கும், கதவு இருக்காது. சீக்கிரம் காயும் சுடிதாரிலேயே குளித்துவிட்டு அதோடே ஏறிவிடுவதுதான் என் மனைவி கண்டுபிடித்த வழி. ஒரு பழைய வேட்டி கொண்டுபோனால் மறைப்பாகப் பிடிக்கலாம், துவட்டிக்கொள்ளவும் ஆகும்.

7. ஆகாயகங்கை: வழியும் படியும்

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த அருவியைத்தான். முன்பதிவு வேண்டாம், படி கட்டியிருக்கிறார்கள், வழி தவற வாய்ப்பில்லை. ஆனால் இது எளிதான அருவி என்று நினைத்துவிடாதீர்கள்.

நாமக்கல்லிலிருந்து செம்மேடு வரை பேருந்து இருக்கிறது. காரவள்ளியில் மலை தொடங்கியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காரில் வருகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியும் இருக்கிறது, அதில் வளைவுகள் குறைவு. செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்கு வேறு பேருந்து மாற வேண்டும். அருவிக்கு இறங்கும் வழி கோயிலை ஒட்டித்தான். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிவாக்கில் இறங்க விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் நீங்கள் பத்து, பத்தரைக்கெல்லாம் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், செங்குத்தானவை. இறங்க நாற்பது நிமிடம். கீழே ஒரு மணி நேரம். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வயதானவர்கள் இருந்தால் இரண்டு.

வழக்கமான மலைக்கோயில் மாதிரி இல்லை இது. பழனியில் ஏறும்போது முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம், இறக்கம் சுலபம். இங்கே முதலில் இறக்கம், களைத்த பிறகுதான் ஏற்றம். இறங்கும்போது யாருக்கும் கஷ்டம் தெரியாது. எங்கள் அப்பா எல்லோருக்கும் முன்னால் வேகமாக இறங்கினார். கீழே போனதும் முழங்கால் லேசாக நடுங்குகிறது என்றார். ஏறும்போது அது வலியானது. டோலி கிடையாது, வேறு வழியும் கிடையாது. அதனால் முந்நூறு படி இறங்கியதும் நின்று, ஐம்பது படி திரும்ப ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ முழங்கால் வலித்தாலோ அவர்கள் அங்கிருந்தே மேலே போய்க் கோயிலில் உட்காரட்டும். இருதயக் கோளாறு, ஆஸ்துமா, முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை அழைத்துப் போகவே வேண்டாம். துணைக்கு ஒருவர் மேலே தங்கினால் அவர்களுக்கும் வருத்தம் இருக்காது.

இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். கைப்பிடியை விடாதீர்கள். ஏறும்போது ஐம்பது படிக்கு ஒரு முறை நின்று ஒரு வாய் தண்ணீர். உட்கார்ந்தால் கால் பிடித்துக்கொள்ளும், நின்றபடியே மூச்சு வாங்குங்கள். மேலே வந்ததும் கோயில் பக்கத்துக் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் கிடைக்கும். பெயரைக் கேட்டு ஆட்டுக்கால் என்று நினைத்துச் சைவக்காரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம், அது மலையில் விளையும் கிழங்கு. மிளகும் சீரகமும் போட்டுச் சூடாகத் தருவார்கள். அந்த ஏற்றத்துக்குப் பிறகு அதைவிட நல்லதாக ஒன்றை நான் குடித்ததில்லை.

8. தண்ணீரில் இறங்குவதற்கு முன்

போனதும் தண்ணீரில் பாயாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உள்ளூர்க்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்காமல் விலகுகிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் யாரும் நிற்காத இடத்தில் நீங்களும் நிற்காதீர்கள். அருவி நேராக விழும் இடத்தில் கல்லும் சேர்ந்து விழும். கீழே இருக்கும் தடாகத்தின் ஆழம் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வெள்ளம் வருவதற்கு முன் அறிகுறி காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கும், செம்மண் நிறம் வரும். இலை, சருகு, சுள்ளி மிதந்து வரும். சத்தம் மாறும், உறுமல் மாதிரி ஆகும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் துணி, செருப்பு, அலைபேசி எதையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் போக்கில் ஓடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மலைமேல் கொட்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் நொடியில் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சீசன்கூட இல்லை. நாங்கள் இப்போது போனால் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு ஆள் மாறிக்கொள்வோம்.

பாசி படிந்த பாறை கறுப்பாக மினுங்கும், அதில் கால் வைக்காதீர்கள். வழியில்லை என்றால் உட்கார்ந்து நகருங்கள். செல்ஃபி எடுக்கப் பின்னால் நகரவே கூடாது. குடித்துவிட்டு வருகிறவர்களோடு போகாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

9. அட்டை, குரங்கு, யானை

மழைக்காலத்தில் ஈரமான சோலைக் காடுகளில் அட்டை இருக்கும். அதற்கு விஷமில்லை, பயப்பட வேண்டாம். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வாயோரம் நெம்பி எடுங்கள். வழியிலேயே கால்சட்டை மேல் ஏறிக்கொண்டிருந்தால் உப்பு முடிச்சைத் தண்ணீரில் நனைத்துத் தொடுங்கள், விழுந்துவிடும். கடித்த இடத்தில் கொஞ்ச நேரம் ரத்தம் வரும், தண்ணீரில் கழுவி அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

குரங்குக்குப் பை தெரியக்கூடாது, கவர்ச் சத்தம் கேட்கக்கூடாது. ஒரு முறை பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்ப இழுத்தால் கடிக்கும்.

யானை நடமாடும் இடங்களில், முக்கியமாகக் கோவைக் குற்றாலம் பக்கம், காவலர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் வாதாடாதீர்கள். வழியில் புதிய யானைச் சாணமோ ஒடிந்த கிளையோ பார்த்தால் திரும்பிவிடுங்கள். பாட்டுப் போடும் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சத்தம் இருந்தால் கிளை ஒடிவது உங்கள் காதில் விழாது.

10. திரும்பும்போது

வாசலில் சீட்டுக் கொடுத்தவரிடம் "நாங்க நாலு பேரும் வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பாட்டிலை உள்ளே விட முன்பணம் வாங்கியிருந்தால், பாட்டிலைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சொந்த வண்டி என்றால் இருட்டுவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிடும்படி கிளம்புங்கள், இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள். ஓட்டுகிறவர் அன்றைக்குக் குளித்துவிட்டு மேலே வந்ததும் அரை மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். ஆயிரம் படி ஏறிய கால் பிரேக்கை அழுத்தும்போது நடுங்கும். பேருந்து என்றால் கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். ஈர உடையோடு ஜன்னலோரம் உட்காராதீர்கள். மலைக்காற்று மாலையில் குளிரும்.

மறுநாள் தொடை வலிக்கும், இரண்டு நாள் படி இறங்க முடியாது. வெந்நீர் ஒத்தடம் போதும். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டியவர்கள் சனிக்கிழமையே போய்வந்துவிடுங்கள்.